உள்ளே தங்காத மருந்து

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, என் வீட்டுக்காரர் செல்வராஜுக்குக் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவர் புசல்லாவை–கண்டி பஸ்ஸில் நடத்துனர். சில வருடங்களுக்கு முன் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் குளிசை மருந்தைக் குடித்தால் இந்த வகையைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார்கள். அப்படியே நடந்தது. கடந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் கிளினிக் போனபோது, வெள்ளை அணுக்கள் திரும்பவும் ஏறியிருந்தன.

"குளிசைய ஒழுங்கா குடிக்கிறதில்லதானே?" என்று தாதி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஒரு நாளும் விடலங்க மிஸ்," என்றார் இவர். தாதி நம்பவில்லை. அடுத்த கிளினிக்கிலும் அதே கேள்வி. திரும்பி வரும்போது இவர் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"சாவுறதுக்குக்கூட பயம் இல்ல மேரி. பொய்க்காரன்னு நெனைக்கிறாங்களே."

அன்றிலிருந்து சுகத்தைக் கேட்பதற்கு முன்னே ஒன்றைக் கேட்டேன். ஆண்டவரே, உண்மையை வெளியே கொண்டு வாரும்.

கிளினிக்குக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்தார். சிங்களப் பெண். அவர் ஏசவில்லை. இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்களைக் கதிரையில் உட்கார வைத்து, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"ஐயா பொய் சொல்லல்ல. இரத்தத்தில மருந்து நல்லா இருக்கு. நோய் உள்ள செல்லுக்குள்ளதான் நிக்குது இல்ல. செல்லைச் சுத்தி உள்ள சவ்வுல பம்ப் மாதிரி புரதம் இருக்கு. வேண்டாததை வெளியே தள்ளுறது அதோட வேலை. அது கூடிப் போனா மருந்தையும் தள்ளிடும். இவருக்கு அப்படித்தான்னு நினைக்கிறேன். வேற குளிசை தாரேன், பார்ப்போம்."

செல்வராஜ் கைகளைக் கூப்பினார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்தத் தாதியும் பிறகு வந்து, "மன்னிச்சுக்கங்க ஐயா," என்றார்.

புதிய குளிசை வேலை செய்தது. அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. நத்தார் பண்டிகைக்கு முன் எடுத்த பரிசோதனையில் நோய் கட்டுக்குள் வந்திருந்தது. இப்போது அவர் திரும்பவும் வேலைக்குப் போகிறார். குளிசையும் தொடர்கிறது.

முன்பெல்லாம் அற்புதம் என்றால் மருந்தில்லாமல் நடப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது டொக்டர்களுக்காகவும், இரத்தம் பரிசோதிக்கிறவர்களுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். உங்கள் சொல்லை யாரும் நம்பாத நிலையில் நீங்கள் இருந்தால், மருந்தை விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். உங்களை நம்புகிற ஒருவரைத் தேவன் அனுப்புவார். எங்களுக்கு அனுப்பினார்.