அக்கா மகளை மடியில் வைத்த நாள்

சபையில் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து, இதை எழுதாமலே பல வருஷம் தள்ளிப்போட்டேன்.

ஞானஸ்நானம் எடுத்த பிறகு அக்கா வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அக்கா மகளுக்குத் திருத்தணி மலையில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம்.

"நீ வரலன்னா வேற யார் மடியிலயும் வைக்கமாட்டன்டா" என்று அக்கா போனில் அழுதாள்.

முழங்கால் போட்டேன். "போகாதேன்னு சொல்லுங்க ஆண்டவரே" என்றுதான் கேட்டேன். ஆனால் ஜெபிக்க ஜெபிக்க நெஞ்சிலிருந்த கடுப்பு கரைந்து, அந்தக் குழந்தையின் முகமே முன்னால் நின்றது. கனகம்மாசத்திரத்தில் ஓடிப்போய் திருத்தணி பஸ் ஏறினேன்.

"உங்க சாமி கோச்சிக்காதா மச்சான்?" என்று அக்கா வீட்டுக்காரர், என் பாவா, சிரிச்சிகினே கேட்டார்.

"அவருதான் அனுப்பினாரு பாவா."

காது குத்தும்போது குழந்தை என் மடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. நானோ சந்தோஷத்தில் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். யாரையும் வெறுக்காத மனசை ஆண்டவர் அன்றைக்குத்தான் எனக்குக் கொடுத்தார். இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் மலைக்குப் போனதை மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.