பிஞ்சில் வெட்டாத பூமணியக்கா

"அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்று பூமணியக்காவின் மகன் சுதன் தொலைபேசியில் சொன்னபோது ஸ்டோவ்னர் கடையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மீனை அப்படியே விட்டுவிட்டு அவர் வீடிருந்த வெஸ்ட்லிக்கு ரயில் ஏறினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய சமையலைப் பற்றி எழுதச் சொன்னார்கள் உறவுக்காரர். "செடிக் கதையை மட்டும் எழுதிப்போடாதேங்கோ, மானம் போயிடும்." ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். என் பேரப்பிள்ளைகளைத் தமிழ் எழுத வைத்ததும் நான்தான். எதை எழுதுவதென்று எனக்குத் தெரியும்.

ஓம், பூமணியக்கா வீட்டில் கஞ்சா வளர்த்தார். புற்றுநோய் எலும்பில் இறங்கியிருந்தது. வலிக் குளிசை போட்டால் வாந்தி, அல்லது நாள் முழுக்க மயக்கம். அந்தச் செடிதான் அவரை எழுப்பி இருத்திச் சோறு தின்ன வைத்தது. சட்டம் விடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெட்டும் நாளை அவர் லேசில் முடிவு செய்யமாட்டார். பூவின் மேல் பனி படிந்ததுபோல் இருக்கும் பொட்டுகளைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார். "இன்னும் தண்ணி மாதிரிக் கிடக்கு. பால் நிறம் வரட்டும்." நிறம் வந்தாலும் அட்டமி, நவமியில் கத்தியைத் தொடமாட்டார்.

"கஞ்சாவுக்குமோ அக்கா பஞ்சாங்கம் பாக்கிறியள்?"

"மருந்தெண்டால் நாள் பாக்கத்தானே வேணும்."

ஒருமுறை, புகை வந்தால் அடிக்கும் மணியைச் சோதிக்க மறுநாள் வீடு வீடாக வருவோம் என்று கட்டட நிர்வாகம் அறிவித்தது. "அம்மா, இப்பவே வெட்டி எறிவம்" என்று சுதன் குப்பைப் பையை விரித்தான். "பிஞ்சிலை வெட்டினால் ஒருத்தருக்கும் உதவாது. பயமெண்டால் நீ உன்ரை வீட்டை போய் இரு" என்றார் அக்கா. நான் செடிகளைப் பழஞ்சேலையால் சுற்றி, கடைச்சாமான் இழுக்கும் வண்டிலில் வைத்து என் வீட்டுக்கு ரயிலேறினேன். பக்கத்தில் இருந்த தமிழ்ப்பிள்ளை மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அன்ரி, ஒரு மணம்?"

"பெருங்காயம், பிள்ளை."

முத்தும்வரை என் குளியலறையில்தான் அவை நின்றன.

கடைசிச் செடி முத்துவதற்குள் அவர் போய்விட்டார். "எறிஞ்சுவிடுவமோ அன்ரி?" என்று சுதன் கேட்டான். பூதக்கண்ணாடியை எடுத்துப் பூவைப் பார்த்தேன். பொட்டுகள் இன்னும் தண்ணீர் போலவே இருந்தன. "நிக்கட்டும்" என்று வண்டிலில் ஏற்றினேன்.

நேற்றுப் பால் நிறம் வந்தது. நாளும் நல்ல நாள். நானே வெட்டினேன். முப்பத்தோராம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். கூசுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுங்கள்.

பூதக்கண்ணாடி இனி என்னிடம் இருக்கும். பயத்துக்காக எதையும் பிஞ்சில் வெட்டாத அவருடைய பிடிவாதமும்.