வளைவில் தூக்கிய கால்

டயர் கம்பெனியில் கார் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னால், முதலாளிக்கு டிரைவர் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. திருத்தினால், டயரைத் தேய்ப்பதற்குச் சம்பளமா என்று சிரிப்பார்கள். உண்மையில் அதுதான் வேலை. வேகக் கார்களுக்கென்று செய்த டயர்களை மாட்டிக்கொண்டு, குறித்துக் கொடுத்த மலைச் சாலையில் பகல் முழுக்க ஓட்ட வேண்டும். அவை எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்று கம்பெனி பார்க்கும். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பின்னால் கூச்சல் போட ஆளில்லாத வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகச் சேர்ந்தாள்.

வீட்டுக் கார் டயர் உழைக்கிற தூரத்தில் பாதிகூட இந்த டயர்கள் உழைக்காது. சாலையை இறுக்கிப் பிடிப்பதற்காக மெத்தென்ற ரப்பரில் செய்தவை. பிடிக்கிற ரப்பர் கரையத்தான் செய்யும். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடுவில் தேயும். சக்கரம் கோணிக்கொண்டால் உள்பக்கம் யார் கண்ணுக்கும் படாமல் மொட்டையாகிவிடும். ஆனால் இதெல்லாம் அப்புறம்தான், ஓட்டுகிறவன் கால்தான் டயருக்கு எமன் என்பார் தலைமை ஓட்டுநர். எல்லோருக்கும் அவர் கேப்டன். அவருக்கு இவள் தங்கச்சி.

ஒரு நாள் தேய்ந்த டயர்களோடு ஈரத் தடத்தில் ஓட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாய்ச்சிய வட்டமான தடம் அது. பாதி வளைவில் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. டயரில் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாததால் கார் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதந்தது. அவள் திருப்பினாள், அது திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தாள், அது கேட்கவில்லை. வானம், சுவர், வானம் என்று கண்ணாடியில் மாறி மாறி வந்தது. சுவருக்கு ஒரு கை தூரத்தில், வந்த பக்கம் பார்த்தபடி கார் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள், மறந்தார்கள். வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

மறுநாள் மலைச் சாலையில், காய்ந்த தரையில், முதல் வளைவு வந்ததும் அவளைக் கேட்காமலே கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துகொண்டது. அடுத்த வளைவிலும் அப்படியே. நேர்ச்சாலையில் வேகத்தை ஈடுகட்டிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும். அந்த வழுக்கலும் அவளைப் பயமுறுத்தும்.

அந்த நேரம் பார்த்துப் புது ரப்பரைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அவள் காரில் புதுசு, மற்றக் கார்களில் பழசு. வழக்கமாக ஓட்டுநர்களைக் கார் மாற்றி உட்காரவைப்பார்கள். அந்த முறை ஆள் குறைவு. அவரவர் காரில் அவரவரே ஓட்டினார்கள். டயர்ப் பள்ளங்களின் ஆழத்தை அளக்கிற இன்ஜினியர் பெண் ஒவ்வொரு தடவையும் இவள் காரிடம் வந்து முகம் மலர்ந்தாள். மற்றவை பாதி தேய்ந்தபோதும் இவள் டயரில் பள்ளங்கள் அப்படியே இருந்தன. சந்தேகப்பட்டுக் காற்றைப் பார்த்தார்கள், சக்கரக் கோணத்தைப் பார்த்தார்கள். எல்லாம் சரி. அப்படியானால் ரப்பர்தான் அதிசயம் என்று முடிவு கட்டினார்கள். கூடிய சீக்கிரம் கடைக்கு வந்துவிடும் என்று பேச்சு.

அன்றிலிருந்து இவளுக்குப் பயம் இரண்டாயிற்று. கம்பெனி சொன்ன தூரத்தை நம்பி யாரோ ஒருவன் டயரை மாற்றாமல் மழையில் கிளம்புவான். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும். அவன் ஸ்டியரிங்கும் பஞ்சாகும். அங்கே சுவர் ஒரு கை தள்ளி நிற்குமா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள். சாப்பாட்டுத் தட்டில் பாதியை அப்படியே மூடி வைத்தாள்.

கடைசியில் பட்டறையில் கேப்டன் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் நின்றாள்.

"அது டயர் இல்ல கேப்டன். நான்தான். வளைவுல காலை எடுத்துடறேன்."

"எந்த வளைவுல?"

"எல்லாத்துலயும்."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "இத்தனை நாள் பக்கத்து கார்ல வந்தும் எனக்குத் தெரியலையே தங்கச்சி," என்றார். கோபமா வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் காரை அவர் எடுத்துக்கொண்டார். தன் காரை அவளிடம் கொடுத்தார். சில வாரங்களில் அதிசய ரப்பர் மற்றதைப் போலவே தேய்ந்தது. அவரிடமிருந்து வந்த காரில் பழைய ரப்பர் தேய மறந்தது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கடுமையாகப் பேசினார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இன்ஜினியர் பெண் கொஞ்ச நாள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈரத் தடத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார் என்றார் கேப்டன். பக்கத்து இருக்கையில் அவரும் ஏறிக்கொண்டார். தேய்ந்த டயர்தான். வளைவில் அவள் காலை எடுக்கவில்லை. கார் நடுங்கியது, பின்புறம் ஒரு கணம் விலகியது, பிறகு பிடித்துக்கொண்டது. வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். இனி இந்தத் தடத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னாள். சரி என்றார். ஈரத் தடம் வேறொருவர் கைக்குப் போயிற்று. மலைச் சாலை இவளுக்கே நின்றது. நாளாக ஆகக் கால் எழுவது குறைந்தது. உள்ளங்கை வேர்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஈரத் தடத்தில் கேப்டனோடு ஓட்டிய அன்று சாயங்காலம்தான் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணி ஆலையில் வெட்டுகிற வேலை அவனுக்கு, அதிகம் பேசமாட்டான். பிள்ளையின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஏதோ நடந்திருக்குன்னு தெரியும். கொஞ்ச நாளா தெருமுனைல வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னாடி என் சட்டைய இறுக்கிப் பிடிக்கிறியே."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ என்ன சொல்லிடுவியோன்னு பயம்," என்றான் அவன்.