உள்ளே வைத்த பொட்டு

கோவில்பட்டியில் மழை பொய்த்துப் போவதைப் பற்றிக் குறை சொல்லாத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஈரம் இல்லாத காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை, செம்புக் கம்பியில் பச்சை ஏறுவதில்லை. முன்பு தீப்பெட்டி ஆபீஸாக இருந்த ஒரு கட்டடத்தில், குச்சி காயவைத்த நீள அறையை வாடகைக்கு எடுத்து என் பழைய கம்ப்யூட்டர்களை நிறுத்தியிருக்கிறேன். பீரோ அளவில் சில, அலமாரி அளவில் சில. அச்சடிக்கும் டெலிடைப் ஒன்று, அட்டையில் துளையிடும் மெஷின் ஒன்று. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு தொங்கும். ஓய்வு பெற்ற பிறகு நான் என்ன செய்கிறேன் என்று உறவினர்கள் கேட்டால், பழைய இரும்பு யாவாரம், ஆனா விக்கிறது மட்டும் கிடையாது என்று என் மனைவி பதில் சொல்லிவிடுவாள்.

இந்த அறையின் கடைக்கோடியில் நிற்பது மில் மெஷின். நான் படிப்பை முடித்ததும் முதலில் வேலைக்குச் சேர்ந்த நூற்பாலையில் இருந்தது. மெட்ராஸில் யாரோ பயன்படுத்திக் கழித்ததை மில்லில் வாங்கிப் போட்டிருந்தார்கள். நான் வெளி அறையில் உட்கார்ந்து விவரங்களைத் தட்டி ஏற்றுபவன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குளிர்ந்த அறையில் மெஷினோடு இருந்தவர் ஓர் அக்கா. கணக்கில் பட்டம் பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மணியாச்சியிலிருந்து தினமும் பாசஞ்சரில் வருவார். பஞ்சுத் தூசி உள்ளே வந்துவிடும் என்று எங்களைக் கதவுக்கு வெளியே செருப்போடு சேர்த்து நிறுத்திவிடுவார். அவருடைய வாய்க்குப் பயந்து மேனேஜரே கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லோருக்கும் உள்ளே இடம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் மெஷினின் தலைமேல் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வைப்பார். மெஷின் வேலை செய்யும்போது அதிலிருந்து கிளம்பும் அலைகள் பக்கத்தில் உள்ள ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும். கணக்குப் பார்த்து ஒரு புரோகிராம் எழுதினால் அந்த இரைச்சலையே சுரங்களாக மாற்றலாம். அக்கா அப்படி ஒன்று எழுதியிருந்தார். நாங்கள் பொரியும் கடலையும் மென்றபடி நிற்போம், ரேடியோவிலிருந்து விசில் போல ஒரு மெட்டு வரும். எந்தப் பாட்டிலும் இல்லாத மெட்டு. முடிந்ததும் சாவியைத் திருப்பி மெஷினை அணைப்பார். சந்தனம், குங்குமம், மாலை. பூஜையன்று மெஷினுக்கு ஓய்வு. மறுநாள் மெஷினைப் போட்டதும் முதல் வேலையாக அதே மெட்டை ஓடவிட்டு, அதன் பிறகுதான் மில் வேலையை ஏற்றுவார்.

ஒரு வருடம் பூஜை விடுமுறை முடிந்து போனபோது மில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பிறகு திறக்கவே இல்லை. நாங்கள் திசைக்கு ஒருவராகப் போனோம். நான் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே காலத்தைக் கழித்துவிட்டேன்.

போன கோடையில்தான் கயத்தாறு ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன் செய்தார். மில் கட்டடம் கைமாறிவிட்டது, உள்ளே கிடந்தவை அவருடைய கடைக்கு வந்திருக்கின்றன, உம்ம சாதிப் பெட்டி ஒண்ணு கிடக்கு, வாரேரா என்றார். போய்ப் பார்த்தேன். பெட்டி தனியாகவும், அதிலிருந்து உருவிய போர்டுகள் ஒரு சாக்கிலும் கிடந்தன. பெட்டியின் நெற்றியில் காய்ந்த சந்தனம் அப்படியே இருந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றிக் குங்குமம். இறக்கி வைத்த ஆட்கள்கூட அந்த இடத்தில் கை படாமல் தூக்கியிருந்தார்கள்.

அறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைய கம்ப்யூட்டரில் மின்சாரம் போனால் அதன் மெமரியில் உள்ளது அழிந்துவிடும். அந்தக் கால மெமரி அப்படி அல்ல. எள்ளைவிடச் சிறிய காந்த வளையங்களை ஆயிரக்கணக்கில் மெல்லிய கம்பியில் கோத்து, பாய் போலப் பின்னியிருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் தனக்குச் சொன்னதை மின்சாரம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும். வருடக்கணக்கானாலும் வைத்திருக்கும். அப்படியானால் மில் பூட்டப்படுவதற்கு முன் கடைசியாக ஓடியது எதுவோ, அது இன்னும் அந்த வளையங்களில் இருக்க வேண்டும். கடைசியாக ஓடியது அந்த மெட்டு.

அக்காவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். மணியாச்சியில் அதே வீட்டில்தான் இருந்தார். மெஷின் கிடைத்ததைச் சொன்னபோது சிரித்தார். மெமரியைப் பற்றிச் சொன்னதும், அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அன்றுதான் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று சொன்னார். அவருடைய அப்பா மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளத்தில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். டூட்டி முடிந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்து வரும்போது விசிலடித்துக்கொண்டே வருவார். அவரே கட்டிய மெட்டு. அது காதில் விழுந்ததும் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாராம். அப்பா இருக்கும்போதே அக்கா அதை மெஷினில் ஏற்றிவிட்டார். புரோகிராமைப் பதித்து வைத்த காகித நாடாவைப் பூட்டிய மில்லின் அலமாரியில் கரையான் தின்றுவிட்டது. அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். ஆரம்பமும் முடிவும் அக்காவுக்கு நினைவிருக்கின்றன. நடுவில் ஒரு திருப்பம் வரும். அது மட்டும் எத்தனை முயன்றாலும் நாக்குக்கு வரவில்லை. "வேற எங்கனயும் அது கிடையாது தம்பி" என்றார். "அதுல இருந்தாத்தான் உண்டு."

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, மின்தேக்கிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துப் பழக்கினேன். மின்விசிறிகளில் உருண்டு கிடந்த பஞ்சை இடுக்கியால் எடுத்தேன். போர்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சில போர்டுகளின் பிடியில்கூடச் சந்தனமும் குங்குமமும் இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்து கட்டியாகியிருந்தது. அதையும் துடைத்தேன். போர்டுகள் சாக்கில் கலந்து வந்ததால் எது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாது. ஆகவே அவற்றில் அச்சிட்டிருந்த எண் வரிசைப்படி, ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று சொருகினேன். பார்க்க அழகாக இருந்தது.

அக்கா ஒரு காலை பாசஞ்சரில் வந்து இறங்கினார். கையில் கடம்பூர் பிளாட்பாரத்தில் வாங்கிய போளி. தலை முழுக்க வெள்ளை. நடை மட்டும் மாறவில்லை. அறை வாசலில் என் மனைவி செருப்பைக் கழற்றச் சொன்னபோது, நான் வாங்கின பேரு இப்ப உங்களுக்கா என்று சிரித்தார்.

மெஷின் முன்னால் வந்ததும் கை கூப்பினார். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பிளக்கை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

"பொட்டு எங்க?"

"முன்னால இருக்குல்லாக்கா. அத நான் தொடல."

"முன்னால இல்ல. உள்ள. போர்டுல வச்சிருந்தேனே."

துடைத்துவிட்டேன் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வயர கீழ போடு மொதல்ல" என்றார்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அந்த மெஷினில் வளையங்கள் பின்னிய மெமரி போர்டு இரண்டு, அவற்றைப் படிக்கவும் எழுதவும் செய்யும் டிரைவர் போர்டு இரண்டு. இந்த மெமரியின் குணம் என்னவென்றால், படிக்கும்போதே அழிந்துவிடும். படித்த மறு நொடியே டிரைவர் அதைத் திரும்ப எழுத வேண்டும். மில் மூடுவதற்கு ரொம்ப முன்பே ஒரு டிரைவருக்கு எழுதும் சக்தி போய்விட்டது. மாற்று போர்டு கேட்டு மெட்ராஸுக்கு எழுதி எழுதிப் பார்த்தும் வரவில்லை. ஆகவே நல்ல மெமரியையும் நல்ல டிரைவரையும் ஜோடி சேர்த்து அதில் மட்டும் மெஷினை ஓட்டினார். கெட்டுப்போன டிரைவரையும் மற்ற மெமரியையும் ஸ்லாட்டை அடைப்பதற்காக ஓரமாகச் சொருகி வைத்திருந்தார். எண்ணுக்கும் ஜோடிக்கும் சம்பந்தமே இல்லை.

"சர்வீஸுக்கு வாரவன் பென்சில்ல எழுதுனா அழிச்சிருவான், சீட்டு ஒட்டுனா பிச்சிருவான்" என்றார். "குங்குமத்தத் தொட எவனுக்கும் கை வராது. வெளிய வச்ச பொட்டு சாமிக்கு. உள்ள வச்சது நமக்கு."

பிளக்கைச் சொருகியிருந்தால், என் அழகான வரிசையில் நல்ல மெமரிக்குக் கெட்ட டிரைவர் வாய்த்திருந்தால், மெஷின் ஒரு தடவை படித்திருக்கும், அதோடு போயிருக்கும்.

எந்த எண் போர்டுகளில் வைத்தீர்கள் என்று கேட்டேன். எண்ணைப் பார்த்தா வைத்தேன் என்றார். போர்டுகளை உருவி மேஜையில் பரப்பினோம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். நான் துடைத்தது துடைத்ததுதான். நாலு பிடிகளும் ஒன்றுபோலப் பளபளத்தன. கெட்ட டிரைவரை மீட்டரில் கண்டுபிடிக்க முடியுமா என்றேன். ஓட்டினால்தான் மக்கர் செய்யும், சும்மா இருக்கும்போது நல்லவன் மாதிரி இருக்கும் என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் மனைவி கொண்டுவந்த காப்பி ஆடை கட்டியது.

அவள்தான் கேட்டாள். "மதினி, துடைச்ச பஞ்சு இருந்தா தெரியுமா?"

"பஞ்ச யாரு தாயி வச்சிருப்பா?"

"இவிய வச்சிருப்பாவ."

வைத்திருந்தேன். ஒவ்வொரு போர்டையும் துடைத்த பஞ்சைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த போர்டின் எண்ணை எழுதி, வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தேன். எந்த போர்டில் அரிப்பு வந்திருக்கிறது என்று பின்னால் பார்க்க உதவும் என்பது என் கணக்கு. இதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேச்சு நடந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து நாலு பைகளை எடுத்து வைத்தேன். இரண்டில் பஞ்சு கறுப்பாக இருந்தது. இரண்டில் சிவப்பு. சிவப்பானவை இரண்டாம் எண் மெமரியும் ஒன்றாம் எண் டிரைவரும். என் வரிசைப்படி அந்த இரண்டாம் மெமரி இரண்டாம் டிரைவரோடுதான் ஜோடியாகியிருந்தது. அதுதான் கெட்டது.

அக்கா சிவப்புப் பஞ்சை மோந்து பார்த்தார். "குப்பைக்கும் நம்பர் போடுத கூட்டத்த இப்பத்தான் பாக்கேன்" என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

ஜோடியை அவரே சொருகினார். கறுப்புப் பஞ்சுக்காரர்கள் இரண்டு பேரும் மேஜையிலேயே கிடந்தார்கள். பிளக்கைச் சொருகி, ரேடியோவை மேலே வைத்தேன். சாவியைத் திருப்பியதும் மின்விசிறிகள் இரைந்தன, முன்பக்கச் சிறு விளக்குகள் மின்னி நின்றன. எந்த இடத்திலிருந்து ஓட்ட வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் விரல்கள் சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளிவிட்டன. ஸ்டார்ட்டை அமுக்கினார்.

இரைச்சல். அதற்குள்ளிருந்து விசில்.

ஆரம்பம் எனக்கே நினைவிருந்தது. பொரியின் ருசிகூட வந்தது. பிறகு அந்தத் திருப்பம் வந்தது. மெட்டு மேலே போகும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் கீழே இறங்கி, சுற்றிக்கொண்டு பழைய வழிக்கு வந்து சேர்ந்தது. அக்கா அசையவில்லை. முடிந்ததும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் சுளித்திருந்தது.

"தப்பா போட்டிருக்கேன்" என்றார்.

சுரம் எல்லாம் சரிதான். ஆனால் இறங்குகிற இடத்தில் அப்பா நிற்பார். "அங்கன கேட் கம்பி வரும். குனிஞ்சு வருவாவ. மூச்சு விட்டுட்டுத்தான் மிச்சத்த அடிப்பாவ. நான் அத விட்டுட்டேன்." அத்தனை வருடம் மில்லில் கேட்டபோது தெரியாத பிழை அவருக்கு இப்போது தெரிந்தது. புரோகிராமைத் திருத்தி ஓர் இடைவெளி வைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கிறதில் கை வைக்காதே என்றார்.

மறுபடி ஸ்டார்ட்டை அமுக்கினார். இந்த முறை இடது கையின் ஒரு விரலை மெஷினை நிறுத்தும் சுவிட்சின் மேல் வைத்திருந்தார். விசில் வந்தது. இறங்கும் இடம் வந்ததும் சுவிட்சைத் தட்டினார். ரேடியோ அடங்கியது. விளக்குகள் எரிந்தபடி அப்படியே நின்றன. குனிந்து ஒரு கம்பியைத் தாண்டி நிமிர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு, மீண்டும் தட்டினார். மிச்ச மெட்டு வந்தது.

அதை நாங்கள் போனில் பதிவு செய்தோம். எத்தனை முறை ஓட்டினோம் என்று எழுதி வைக்கவில்லை. சாயங்கால பாசஞ்சருக்கு நேரமானபோது அவரே சாவியைத் திருப்பி அணைத்தார். என் மனைவியிடம் குங்குமச் செப்பைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் குழைத்து, அந்த இரண்டு போர்டுகளின் பிடியிலும் பொட்டு வைத்தார்.

"ஏ தம்பி, ஒனக்கு ஸ்பிரிட்டு மிச்சமிருந்தா மத்தத எல்லாம் தொடச்சுக்கோ" என்றார்.

மாதம் ஒரு முறை அந்த அறையைச் சுத்தம் செய்கிறேன். மில் மெஷினின் கதவைத் திறந்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு போர்டாகத் தட்டிக்கொண்டு வருவேன். அந்த இரண்டு வந்ததும் பிரஷ்ஷை எடுத்துவிட்டு, வாயால் ஊதுகிறேன்.