மருதங்காட்டுச் சுவர்

முடிச்சூர் பக்கம் அடையாற்றுக் கரையில் ஒரு துண்டுக் காடு. நாற்பது நீர்மருது, கொஞ்சம் நாவல், புங்கம். ஐப்பசி மழைக்கு ஆறு ஏறி வந்து முழங்காலளவு நிற்கும். வடிந்த வண்டலில் கன்றுகள் முளைக்கும். ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று ஒரு பலகை. ஊர்க்குப்பை விழுவதும் சரியாக அந்தப் பலகைக்குக் கீழேதான்.

காவல் வேலை சரோஜினிக்கு. மருதம்பட்டை நெஞ்சுவலிக்கு நல்லதென்று யாரோ சொல்லிவிட, தாம்பரத்தில் நெஞ்சு உள்ள அத்தனை பேரும் கத்தியோடு வந்தார்கள். உரிபட்ட மரத்துக்குச் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டுவாள். யாரும் இல்லையென்றால், “வலிக்குதாடா?” என்றும் கேட்பாள்.

இரண்டாயிரத்தைந்து வெள்ளத்தில் மெத்தை, கட்டில், கக்கூஸ் கதவு எல்லாம் காட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஆத்திரத்தில் சுவர் கேட்டு மனுமேல் மனு போட்டாள். மறுவருஷமே சுவர் வந்தது. கட்டியவன் அவள் புருஷன், கொத்தனார் அசரியா.

“எறும்பு மூத்திரம்கூட உள்ள போவாது பாரு,” என்றான்.

போகவில்லைதான். பட்டை திருடுகிறவன் போகவில்லை, குப்பை போகவில்லை, ஆறும் போகவில்லை. சுவரில் முட்டிவிட்டு அது தன் வழியே ஓடியது. மூன்றாம் வருஷம் மருதுகள் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன.

“யோவ், அடில ஓட்டை போட்டுக் குடுய்யா.”

“இன்னாம்மே வெளயாடுறியா? நீ கேட்ட, நான் கட்னேன். கவருமெண்ட்டு செவுரு. இடிச்சா உள்ள தூக்கி வச்சிருவான்.”

“மரம் சாவுதுய்யா.”

ஐப்பசியில் ஆறு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அசரியா ஆராதனைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு போய்க் கடப்பாரையை எடுத்தான். சுவரடியில் ஆறு ஓட்டைகள் விழுந்தன. செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. சரோஜினி அதில் இறங்கி நின்று, “குடிங்கடா, குடிங்க,” என்று அழுதாள்.

சித்திரையில் துளிர்க்க வேண்டும். ஆனி வரை பார்த்தாள். ஒன்பது மரம் துளிர்த்தது. மீதி முப்பத்தொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். எதிலும் பச்சை இல்லை.

வனத்துறை ஆபீஸிலிருந்து படிவம் வந்தது. ‘பட்டுப்போன காரணம்’ என்ற கட்டத்தில், தனக்குத் தெரிந்த எழுத்தில், ‘செவுரு. நான்தான் கேட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

கிளார்க் சாம்பசிவன் அதைப் படித்துவிட்டு, “என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்?” என்று வேறு படிவம் எடுத்து, ‘வறட்சி’ என்று நிரப்பி நீட்டினார். மூன்று வருஷமும் ஆறு கரை தட்டி ஓடியிருந்தது. சுவர் கேட்டு அவள் போட்ட மனுக்கள் மேசையில் அதே கோப்பில் கிடந்தன.

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சரோஜினி கையெழுத்துப் போட்டாள்.