பகவதி டீச்சரும் நான் அணைக்காத அடுப்பும்

பகவதி டீச்சர் காலமாகிவிட்டார்கள் என்று அவர்களுடைய தம்பி மகன் வந்து சொன்னபோது, நான் வாலிபர் சங்கக் கூடத்தில் அவர்களுடைய அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை அது. உலை கொதித்துக்கொண்டிருந்தது; பையன்கள் கிணற்றடியில் இருந்தார்கள். உச்சிப் பொழுதுக்கு முன்னால் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அவன் கரமனைக்குத் திரும்பினான். நான் கிளம்பவில்லை.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாலை என்கிற கடைத்தெருவில் வேலை பார்க்கும் பையன்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். கடை மாடியில் படுக்கை, ஓட்டல் சாப்பாடு, பொத்தான் போன சட்டை. ஞாயிறுதோறும் அவர்களுக்குச் சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று சங்கத்தில் போய் நின்றவர்கள் டீச்சர்தான். நாஞ்சில் நாட்டில் பிறந்து, கணவரை இழந்தபின் கரமனையில் தம்பி வீட்டோடு இருந்தவர்கள். தையலுக்கு ஆள் தேடி என் தையற்கடைக்கு வந்தார்கள். ஆம்பிளைப் பையன்களுக்குப் பொம்பளை வேலையா என்று நான் சிரித்தேன். "பசி பொம்பளைக்கு மட்டுமா வருது, அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறே ஊசி நூலோடு போய்விட்டேன்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். மரச்சீனிக் கிழங்கை, அதுதான் மரவள்ளியை, வேகவைத்து வடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கரன் என்று ஒரு பையன், இதை மாடுதான் தின்னும் என்று முகத்தைச் சுளித்தான். டீச்சர் திட்டவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாய் தாமே சாப்பிட்டார்கள். கண்டிப்பு ஒன்றே ஒன்றில்தான்: யார் கூப்பிட்டாலும் அடுப்பைப் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது. சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றபோதுகூட, "வடிச்சிட்டு வாறேன்" என்று திரும்பாமலே சொன்னவர்கள் அவர்கள்.

அந்தக் கண்டிப்பை அவர்களே ஒருமுறை மீறினார்கள். ஊரில் என் அம்மா இறந்துபோன தந்தி வகுப்பு நடக்கும்போது வந்தது. அதை வாசித்த டீச்சர், ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினார்கள். பானையில் பாதி வெந்த ரேஷன் அரிசி. "கிளம்புங்க அண்ணாச்சி. சோத்தை நாளைக்குப் பொங்கிக்கிடலாம்" என்றார்கள். பையன்களையும் அழைத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அன்று எல்லோருக்கும் பட்டினி. நான் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அதனால்தான்.

போன ஞாயிறு, வகுப்பு தொடரலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய, சங்கக் கமிட்டிக்காரர்கள் பையன்களின் சமையலைச் சாப்பிட வருவதாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த டீச்சரும், வகுப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதைத்தான் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். செம்பில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் தொடவில்லை. களைந்த அரிசியை எடுத்து உலையில் போட்டேன்.

பையன்களிடம் மூச்சு விடவில்லை. தாங்களே தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு, ஒருவனை ஒருவன் கேலி செய்து சிரித்தபடி பரிமாறினார்கள். கமிட்டிப் பெரியவர்கள் தீயல் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வகுப்பு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

கரமனைக்கு ஓடினோம். வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம்கூடக் காயத் தொடங்கியிருந்தது. சங்கரன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாங்க சிரிச்சிட்டு நிக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமா, அண்ணாச்சி?"

தெரியும் என்றேன். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

டீச்சர், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு உண்டு. அடுப்பைச் சங்கரன் பற்றவைப்பான். எனக்கு அதன் பக்கம் போகக் கால் வரவில்லை. உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால், "அதுக்கென்ன அண்ணாச்சி, வகுப்பு நடக்குதுல்லா" என்று சொல்லிவிடுவீர்கள். போய் வாருங்கள்.