எங்கள் கிணற்றில் சிவப்புத் தண்ணீர்

பக்கத்து வீட்டுச் சாயக்காரர் முருகேசன் எங்கள் கிணற்றில் சாயக் கழிவை ஊற்றிவிட்டார் என்று நான் முழுதாக நம்பினேன். ஆரணியில் பட்டு நெய்பவன் நான். வயது ஐம்பத்திரண்டு, அறிவு அதில் பாதி.

சாலை போட வந்தவர்கள் எங்கள் தெருக் குழாயை உடைத்துவிட்டு மூன்று நாளாகத் திரும்பியே பார்க்கவில்லை. அந்த எரிச்சலோடு விடியற்காலையில் புழக்கடைக் கிணற்றில் வாளியை இறக்கினேன். ஒரு வாய் கொப்பளித்த பிறகுதான் பார்த்தேன், தண்ணீர் ரத்தமாகச் சிவந்திருந்தது. கொட்டிவிட்டு மறுபடி இறைத்தால் அதுவும் சிவப்பு. உடனே எனக்கு நாக்கு மரத்துப்போனது, கண் இருட்டியது.

"யோவ் முருகேசா, வெளிய வாய்யா! குடிக்கிற தண்ணியில விஷத்த ஊத்திட்டு உள்ள தூங்கிகினு கீறியா? இன்னிக்கே உன் பட்டறைக்குப் பூட்டு போட வெக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே நகராட்சிக்குப் போன் போட்டேன்.

முருகேசன் வெளிறிப்போனார். "அண்ணா, சத்தியமா நான் ஊத்தலண்ணா. பட்டறைய மூடிட்டா நாங்க எங்க போவோம்?"

அவர் மனைவி மட்டும் அசராமல் கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஏங்க, உள்ள தண்ணி பளிங்கு மாதிரி கீது. உங்க வாளிக்கு மட்டும் இன்னாங்க வந்துச்சு? காலங்காத்தால பேஜார் பண்ணிகினு!"

போனை அணைத்தேன். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது கிணற்றுக்கென்று தனி வாளி வைத்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வந்தால் கும்பிட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். கோயிலுக்கு மாலை போட்டு விரதம் இருப்பதற்காக, முந்தின நாள் அந்த வாளியில்தான் என் வேட்டிக்கு நானே சிவப்புச் சாயம் போட்டேன். அதைக் கழுவவில்லை.